காய்சீவி மாகாத்மியம்

விலையுயர்ந்த பொருளை வாங்குவதைக் காட்டிலும் மலிவான பொருளை வாங்குவதற்கே அதிக விவேகம் வேண்டும் என்பது என் சித்தாந்தம். ஐந்நூறு வெள்ளி கொடுத்து ஒரு சாதனத்தை வாங்குகிறவன், அதன் குணதோஷங்களைக் கம்பெனியின் தலையில் சுமத்திவிட்டு நிம்மதியாக உறங்கலாம்; பதினைந்து வெள்ளிக்கு வாங்குகிறவனோ பரீட்சகன், வாதி, நீதிபதி ஆகிய மூன்று உத்தியோகங்களையும் ஏககாலத்தில் தானே வகிக்க வேண்டியவனாகிறான்.

காய்சீவியைப் பற்றி இவ்வாறு விசாரம் செய்வதற்குப் பினாங்கைவிட உகந்த க்ஷேத்திரம் இல்லை. லக்சா நூடுல்ஸின் மேல் தூவுகிற வெள்ளரிக்காயும் புங்கா கந்தான் பூவும் மெல்லியதாக இராவிட்டால் இவ்வூரார் மனம் கசந்துவிடும். நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் பரிமாறும் பசம்பூரிலோ, பொரித்த பண்டங்களும் சர்க்கரைவள்ளிக் குழம்பும் எவ்வளவு சிலாக்கியமாக இருந்தாலும், வெள்ளரியும் செங்குவாங்குக் கிழங்கும் நூல் நூலாகச் சீவப்படாமற் போனால் அது பசம்பூர் என்ற பட்டத்தையே இழந்துவிடும். மெக்சிகோவில் ஜனித்து, ஸ்பானியரின் தயவால் பிலிப்பைன்ஸ் வந்து, இத்தனை சமுத்திரங்களைக் கடந்த செங்குவாங்குக்கு இத்தீவில் கிட்டிய சன்மானம் சீவப்படுவதுதான்.

ஆகையால் 1833ஆம் ஆண்டு முதல் குவீன் தெருவில் அருள்பாலிக்கும் மகா மாரியம்மனைத் தரிசித்துவிட்டு, மார்க்கெட் தெருப் பக்கம் பாத்திரக்கடைக்கு நான் புறப்பட்டபோது, என் பையில் ஒரு செங்குவாங்கும் பழுத்த தக்காளி ஒன்றும் இருந்தன. காய்சீவி விற்பவர் எந்தத் தேசத்தவராயினும் வெள்ளரிக்காயையும் காரட்டையும் தவிர வேறொன்றைச் சீவிக் காட்டமாட்டார் என்பது உலகறிந்த உண்மை. நான் தக்காளியை நீட்டியதும் கடைக்காரரின் பிரசங்கம் சட்டென்று நின்றது.

“ஐயா, இது பழமாச்சே. நாங்க காய் சீவுறதுக்குத்தான் விக்கிறோம்” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. தகடு குறுக்கே நேராகப் பதிந்திருந்தால், காயின் அகலம் முழுவதும் ஒரே கணத்தில் அதன்மேல் மோதும்; கை பலத்தோடு தள்ள வேண்டும்; தக்காளியானால் தோல் அறுபடுமுன் சதை நசுங்கும். சாய்வாகவோ, ‘வி’ வடிவிலோ பதித்த தகடு சிறிது சிறிதாக அறுத்துக்கொண்டு போவதால் தள்ளும் சிரமம் குறைகிறது. பலகை வளையாமல் இருப்பதும் முக்கியம். வளைந்தால் ஒரே வாழைக்காயில் அப்பளமும் அடையும் சேர்ந்தே பிறக்கும். இனாமாக வரும் ஏழு தகடுகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை: ஒன்று உழைக்கும், ஆறு அலமாரியில் வாசம் செய்யும்.

விரலைக் காப்பதற்கென்று பற்களோடு கூடிய கவசம் ஒன்று உண்டு. அது விரலை ரட்சிப்பதோடு நில்லாமல் காயின் கடைசித் துண்டையும் சேர்த்து ரட்சித்துவிடுகிறது. இவ்வாறு அபயம் பெற்ற அடிக்கட்டைகள் அனைத்தும் எங்கள் வீட்டில் சாம்பாருக்குப் போவதால், சீவல் வறுக்கும் நாளில், “இன்னிக்கும் கட்டை சாம்பார்தாங்க” என்று என் சம்சாரம் முன்கூட்டியே அறிவித்துவிடுவாள்.

இந்தச் சாதனத்தை நெடுநேரம் புரட்டிப் பார்த்த என் மாமியார் ஒரே வாக்கியத்தில் பாஷ்யம் சொன்னார்: “நம்ம அரிவாமனையைப் படுக்க வச்சிருக்கான், மாப்பிள்ளை.”

யோசித்துப் பார்த்தால் அதற்கு மறுப்பே இல்லை. கத்தியில் அலகு காயை நாடிச் செல்கிறது. அரிவாள்மனையிலும் காய்சீவியிலும் அலகு அசையாதிருக்க, காய்தான் அதை நாடிச் செல்கிறது. பேதம் ஒன்றே: அரிவாள்மனையின் அலகு கண்ணெதிரே நிமிர்ந்து நின்று எச்சரிக்கிறது, காய்சீவியின் அலகோ காய்க்கு அடியில் மறைந்திருக்கிறது. கண்ணுக்கு எட்டாத அலகுக்குக் கவசம் இன்றியமையாதது. ஆனால் மலிவுச் சரக்கில் தயாரிப்பாளர் சிக்கனம் பிடிப்பதும் அந்தக் கவசத்தில்தான்.

எனவே வாங்கப்போகும் அன்பர்களுக்கு என் யோசனை இது. ஏழு தகடுகளில் ஆறைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, அவற்றுக்கு ஈடாக உறுதியான கவசம் ஒன்று கேளுங்கள். நிச்சயம் கொடுக்கமாட்டார், ஆனால் விஷயம் தெரிந்தவரிடம் அகப்பட்டுக்கொண்டோம் என்பதை உணர்ந்து, விலையில் இரண்டு வெள்ளி குறைப்பார்.