நூலகருக்கு என்ன வேலை?

கேள்வி: எல்லாம்தான் செல்போனிலேயே கிடைக்கிறதே, கல்லூரி நூலகர் இனி மாணவர்களுக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்?

பதில்: கிடைப்பதெல்லாம் நம்பத்தக்கதா என்று பார்க்கத்தான் சொல்லித்தருகிறார். அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்து எர்லம் கல்லூரியில் 1962 முதல் 1994 வரை நூலகராக இருந்தவர் எவன் ஃபார்பர். மொத்த நூலகத்தையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டிவிட்டு அனுப்பவில்லை. பேராசிரியர் கட்டுரை எழுதச் சொல்லும்போது, அந்தப் பாடத்துக்கு எங்கே, எப்படித் தேடுவது என்று வகுப்பிலேயே கற்றுத்தரும் முறையை வேரூன்றச் செய்தார். தேவைப்படும்போது சொன்னால்தானே மண்டையில் ஏறும்!

இன்று அந்த வேலை கூடியிருக்கிறது. சாட்ஜிபிடியிடம் ஆய்வுக்கட்டுரைப் பட்டியல் கேளுங்கள். ஆசிரியர் பெயர், ஆய்விதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக வரும். அந்த இதழின் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், சில சமயம் வேறு யாரோ வேறு எதையோ எழுதியிருப்பார். பட்டியலில் உள்ள கட்டுரையை உலகத்தில் எவருமே எழுதியிருக்க மாட்டார்கள். பிறக்காத பிள்ளைக்கு ஜாதகம்! அதை நம்பி ஆய்வேட்டில் சேர்த்த மாணவரின் கதி என்ன? பக்கத்தில் உட்கார்ந்து, மூலத்தைத் திறந்து சரிபார்க்கப் பழக்குபவர் நூலகர்தான்.

உங்கள் கல்லூரியில் அவர் வகுப்பு வைத்தால், தயவுசெய்து மட்டம் போடாதீர்கள்.