ஆட்டுச் சாபம்

சிகாகோ
5.11.2016

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தீபாவளிக்கு நான் போன் பண்ணவில்லை என்று சித்தி முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அன்றைக்கு இங்கே இழவு வீடு மாதிரி. எங்கள் கப்ஸ் பேஸ்பால் அணி சொந்த மைதானத்திலேயே 7-2 என்று தோற்று, பைனல் தொடரில் 3-1 என்று பின்தங்கிக் கிடந்தது.

'அது என்னடா எங்கள் கப்ஸ்?' என்று நீங்கள் போடுகிற சத்தம் அம்பத்தூர் ஓ.டி. தாண்டிக் கேட்கிறது. நம்ம சூப்பர் கிங்ஸை ரெண்டு வருஷம் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். தோனியைப் புனே சட்டையில் பார்க்க மனசு வரவில்லை. விசிலடித்துப் பழகின வாய், எத்தனை நாள்தான் சும்மா இருக்கும்?

பேஸ்பால் பார்த்தால் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பந்தை அடித்ததும் மட்டையைக் கடாசிவிட்டு ஓடுகிறார்கள். கேட்ச் பிடிக்க முறம் அகலத்துக்குத் தோல் உறை. சீசனுக்கு ஆளுக்கு 162 ஆட்டம். அமெரிக்கா, போனால் போகிறதென்று ஒரு டொராண்டோ. இதற்குப் பெயர் உலகத் தொடர்!

கப்ஸ் கடைசியாக ஜெயித்தது 1908-ல். 108 வருஷம், சித்தப்பா. நமக்கு 108 என்றால் ஆம்புலன்ஸ்; இவர்களுக்கும் கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். எல்லாம் ஒரு ஆட்டின் சாபமாம். 1945-ல் சியானிஸ் என்று பார் நடத்திய ஒரு கிரேக்கர், தன் ஆட்டுக்கும் டிக்கெட் வாங்கி கப்ஸின் ரிக்லி மைதானத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். நாறுகிறது என்று ஆட்டை வெளியேற்ற, அவர் சபித்துவிட்டார். பிற்பாடு ஆட்டை அழைத்து வந்து மைதானத்தில் நடக்கவிட்டும் பார்த்தார்களாம். நம்மூராயிருந்தால் ஆட்டை வேறு விதமாக அழைத்திருப்போம்.

எப்படியோ 3-3 ஆக்கிவிட்டார்கள். புதன்கிழமை ராத்திரி கிளீவ்லண்டில் ஏழாவது ஆட்டம். நாங்கள் 6-4 என்று முன்னிலை, இன்னும் நாலே அவுட். எதிரணியில் டேவிஸ் என்று ஒருத்தன், ஒரே அடி, 6-6. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் மழை வேறு. 17 நிமிஷம். டக்வொர்த் லூயிஸ் கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான். அந்த இடைவெளியில், சீசன் பூராவும் அடிக்கத் தடுமாறிய எங்கள் ஹேவர்ட் சக ஆட்டக்காரர்களை உள்ளே கூப்பிட்டுத் தைரியம் சொன்னாராம். அடுத்த இன்னிங்ஸில் ஸோப்ரிஸ்ட் அடித்தார், 8-7. கடைசிப் பந்தைப் பொறுக்கிய பிரையன்ட், கால் வழுக்கும்போதே சிரித்துக்கொண்டு எறிந்தான். சாபம் நீங்கினதை முதலில் பார்த்தவன் அவன்தான்.

நேற்று ஊர்வலம். ரிக்லியின் செங்கல் சுவர் முழுக்க சாக்பீஸால் பெயர்கள். ஆசையாக உங்கள் பெயரையும் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினேன். பக்கத்திலிருந்த பாட்டி தோளைத் தொட்டு, 'எப்போது தவறினார்?' என்றாள். அப்போதுதான் புரிந்தது: வெற்றியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்த அப்பா, தாத்தாக்களின் பெயர்களாம் பெரும்பாலும்.

கைக்குட்டையால் தேய்த்தேன். செங்கல்லாச்சே, பாதிதான் அழிந்தது. திருவேற்காட்டுக்கு ஒரு நடை போய்க் கருமாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்திவிட்டு வாருங்கள். சித்தியிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் பையன்