இதனால் சகல அப்ளிகேஷன்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்

கணினிக்குள் இன்றுவரை நடப்பது முடியாட்சிதான். ஆபரேட்டிங் சிஸ்டம் ராஜா, அப்ளிகேஷன்கள் குடிகள். பேட்டரி தீரப்போகிறது, நினைவகம் நிரம்பிவிட்டது, வைஃபை போய்விட்டது, தேதி மாறிவிட்டது என்று அரண்மனையில் எது நடந்தாலும் ஊருக்குத் தண்டோரா போட்டாக வேண்டும். அதை எப்படிப் போடுவது, குடிகள் காதில் வாங்காவிட்டால் என்ன செய்வது என்று ஐம்பது வருடத்துக்கு மேலாக மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். உடைந்த மண்டைகளின் வரலாறு இது.

முதல் வம்சம் யூனிக்ஸ். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் நிறுவிய ராஜ்ஜியம். பைலை நகலெடுக்கும் கட்டளைக்கே இரண்டு எழுத்துக்கு மேல் செலவழிக்காத சிக்கனக்காரர்கள், தண்டோராவுக்கு மட்டும் வாரி வழங்குவார்களா? ஓர் எண்ணைத் தூக்கி எறிவார்கள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் சிக்னல். ஒன்றாம் எண்ணுக்கு உரிய சேதி 'ஹேங்கப்'. அந்தக் காலத்து டெர்மினல், மோடம் வழியாகத் தொலைபேசிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். லைன் அறுந்தால் புரோகிராமுக்கு ஒன்றாம் எண் வரும். அது வந்தால் என்ன செய்வதென்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைக்காத புரோகிராம் அங்கேயே உயிரை விட வேண்டும். போன் கட்டானதற்குப் பிராணத்தியாகம்! காதைப் பொத்திக்கொண்டு பிழைத்துக் கிடப்பதற்காகவே 'நோஹப்' என்றொரு கட்டளையை உண்டாக்கினார்கள்.

பிற்பாடு நடந்தது இன்னும் அநியாயம். பின்னணியில் ஓடும் டீமன்களுக்கு டெர்மினலே கிடையாது. ஆகவே லைன் அறுகிற பேச்சும் கிடையாது. சும்மா கிடக்கும் எண்ணை வீணாக்குவானேன் என்று, 'கான்ஃபிக் பைலை மறுபடி படி' என்ற பொருளில் அதைப் புழங்க ஆரம்பித்தார்கள். ஒரே ஓலை, ஒரு தெருவில் 'செத்துப்போ', அடுத்த தெருவில் 'இன்னொரு தரம் படி'. அந்த அன்பான வேண்டுகோளை இன்றைக்கும் 'கில்' என்ற கட்டளையால்தான் அனுப்புகிறார்கள்.

1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இன்னொரு கூத்து. சிக்னலைப் பிடிக்க நீங்கள் நியமித்த காவலாளி ஒரே ஒரு சிக்னலைப் பிடித்ததும் வேலையிலிருந்து நீக்கப்படுவான். அவனை உடனே மறுநியமனம் செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டாவது சிக்னல் வந்தால் காவலில் ஆளில்லை, புரோகிராம் காலி. 1983இல் வந்த பிஎஸ்டி 4.2 என்ற யூனிக்ஸ் கிளைதான் காவலாளிக்குப் பணி நிரந்தரம் வழங்கியது. ஆனாலும் ஒரு குறை தீரவில்லை. சிக்னலுக்கு வரிசை கிடையாது. 'வந்திருக்கிறது, வரவில்லை' என்று ஒரே ஒரு குறிதான். நீங்கள் கவனிக்காத நேரத்தில் பத்துக் குழந்தை புராசஸ்கள் அடுத்தடுத்து முடிந்துபோனாலும் உங்களுக்கு வருவது ஒரே ஒரு சேதியாக இருக்கலாம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் சேதிகளை எண்ணுவதில்லை. ஒன்று வந்தால் போதும், வீடு முழுக்க நடந்து தலைகளை எண்ணிப் பார்த்துவிடுவார்கள். அடுத்த நாற்பது வருடங்களுக்கான ஞானம் முழுவதும் இந்தக் குறைபாட்டிலேயே இருந்தது. குறைபாட்டிலிருந்து யார் ஞானம் பெறுகிறார்கள்?

இதே 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த நார்வேக்காரர் டிரிக்வே ரீன்ஸ்காக், மாடல்-வியூ-கன்ட்ரோலர் என்ற தத்துவத்தை அருளிக்கொண்டிருந்தார். ஸ்மால்டாக் மொழியில் அது வேலை செய்த விதம் அழகு. 'நான் மாறிவிட்டேன்' என்று மாடல் அறிவிக்கும். யாருக்கு அக்கறையோ அவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். யார் வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள் என்று மாடல் திரும்பிப் பார்ப்பதில்லை. 1994இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடெஸ் என்ற நால்வர் இதற்கு 'அப்சர்வர்' என்று நாமகரணம் செய்து புத்தகத்தில் போட்டார்கள். அன்றுமுதல் எல்லா நேர்காணல்களிலும் இதைக் கேட்கிறார்கள்.

நடுவில் 1985இல் பட்டத்துக்கு வந்தது விண்டோஸ். தண்டோரா என்றால் இதுவல்லவா தண்டோரா! எழுத்துரு மாறினால் ஒரு மெசேஜ், நேரம் மாறினால் ஒரு மெசேஜ், வின்.இனி பைலில் ஏதாவது மாறினால் அதற்கும் ஒரு மெசேஜ். 16-பிட் காலத்தில் 'கம்பாக்டிங்' என்ற மெசேஜ் இருந்தது. 30 முதல் 60 விநாடி இடைவெளியில் 12.5 சதவீதத்துக்கு மேல் நேரம் நினைவகத்தை அடுக்கி ஒழுங்கு செய்வதிலேயே கழிகிறது என்றால், ராஜா எல்லா மேல்மட்ட விண்டோக்களுக்கும் அதை அனுப்புவார். கஜானா காலி என்பதைக்கூடத் தசம புள்ளியோடு சொன்ன ஒரே அரசர்!

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 'சென்ட்மெசேஜ்' வழியாகத் தண்டோரா போடுகிறவன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உள்ளே இருப்பவர் 'சரி' என்று சொன்ன பிறகே அடுத்த வீட்டுக்குப் போவான். ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தால் தண்டோராக்காரனும் அதே வாசலில் உறைவான். காத்திருக்கக் கெடு வைக்கும் 'சென்ட்மெசேஜ்டைம்அவுட்' பிறகுதான் வந்தது.

அதைவிடப் பெரிய தவறு, ராஜா குடிகளிடம் அனுமதி கேட்டது. 'கணினியை அணைக்கலாமா?' என்று ஒவ்வொரு அப்ளிகேஷனையும் விண்டோஸ் கேட்கும். ஒன்று 'கூடாது' என்றால் போதும், அரசாணை ரத்து. 'தூங்கப் போகலாமா?' என்றும் கேட்டார். நீங்கள் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். உள்ளே ஏதோ ஒரு சில்லறை அப்ளிகேஷன் 'எனக்கு இன்னும் வேலை முடியவில்லை' என்று சொல்லியிருக்கும். லேப்டாப் விழித்தபடி, விசிறி சுழன்றபடி, பைக்குள் வெந்துகொண்டிருக்கும். 2007இல் கடைக்கு வந்த விஸ்டா, எதையெதையோ கெடுத்த பாவத்துக்கு நடுவில் இந்தப் புண்ணியத்தைச் செய்தது: தூங்குவதற்கு அனுமதி கேட்கும் பழக்கத்தை ஒழித்தது. 'தூங்கப் போகிறேன். சுமார் இரண்டு விநாடி. முடிக்கிறதை முடித்துக்கொள்.' அவ்வளவுதான். பல வருட ஜனநாயகப் பேச்சுவார்த்தையில் தீராதது இரண்டு விநாடி சர்வாதிகாரத்தில் தீர்ந்தது. அரசியலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

லினக்ஸ் தரப்பில், டைரக்டரியில் பைல் மாறினால் சொல்ல 'டிநோட்டிஃபை' என்றொன்று இருந்தது. கண்காணிக்கும் டைரக்டரியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. விளைவு, எந்த வட்டைக் கண்காணிக்கிறதோ அந்த வட்டை அன்மவுண்ட் செய்ய விடாது. வேவு பார்க்கப் போன ஒற்றன் கதவில் கால் வைத்து நின்றுகொண்டான். 2005இல் கெர்னல் 2.6.13இல் வந்த 'ஐநோட்டிஃபை' அந்தக் காலை எடுத்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. வரிசை நிரம்பி வழிந்தால், 'ஓவர்ஃப்ளோ' என்றொரு சேதியைக் கடைசியில் போட்டுவிடும். அதாவது: 'என்னென்னவோ நடந்துவிட்டது, எழுத இடமில்லை, நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.'

செல்பேசி யுகத்தில் தண்டோராவே வியாதியாயிற்று. 'நெட்வொர்க் மாறியது' என்று ஆண்ட்ராய்டு அறிவித்தால், அந்தச் சேதிக்குப் பெயர் கொடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த அப்ளிகேஷன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்து உட்காரும். நீங்கள் வீட்டு வைஃபையிலிருந்து வாசலுக்கு வந்ததைத் தெரிந்துகொள்ள டார்ச் லைட் அப்ளிகேஷனுக்கு என்ன அவசரம்? 2016இல் ஆண்ட்ராய்டு 7 அந்த அறிவிப்பை மேனிஃபெஸ்டில் பெயர் எழுதி வாங்கும் வசதியைப் பறித்தது. புதிய படம், புதிய வீடியோ எடுத்த அறிவிப்புகளை அடியோடு நிறுத்தியது. ஐபோன் ராஜாவுக்கு இந்தச் சஞ்சலமெல்லாம் இல்லை. 'நினைவகம் குறைகிறது, வேண்டாததைத் தூக்கிப் போடு' என்று எச்சரிப்பார். நிலைமை மீறினால் உங்களைத் தூக்கிப் போடுவார்.

இத்தனை ராஜாக்களுக்கும் குடிகளுக்கும் நடுவில் ஒரு துபாஷி மாட்டிக்கொண்டார்: லைப்ரரி எழுதுகிறவர். விளையாட்டு எழுதுகிறவர்கள் 1998 முதல் நம்பியிருக்கும் எஸ்டிஎல் லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு தன் சவுகரியப்படி வரிசையிலிருந்து நிகழ்வுகளை எடுத்துப் படிக்கும், அதுதான் மரபு. செல்பேசிக்கு வந்ததும் மரபு பல்லிளித்தது. 'பின்னணிக்குத் தள்ளப்போகிறேன்' என்று ஐபோன் சொல்வதை வரிசையில் போட்டால், விளையாட்டு அதை எடுத்துப் படிக்கும்போது ஏற்கெனவே தள்ளியாகியிருக்கும். ஆகவே பின்னணி, முன்னணி, நினைவகக் குறைவு, முடிவு ஆகிய சேதிகளை மட்டும் கால்பேக் வைத்து வந்த கணத்திலேயே பிடிக்க வேண்டும் என்று எஸ்டிஎல் எழுதிவைத்தது. மொழி விருப்பம் மாறினால் அது தரும் சேதியிலோ எந்த மொழி என்ற விவரமே இருக்காது. 'மாறியது, என்னவென்று என்னிடம் கேள்' என்பதோடு சரி. ரீன்ஸ்காக் காலத்து ஞானம் சுற்றிவளைத்து வந்து சேர்ந்திருக்கிறது.

தண்டோரா போடும் இதே வேலைக்கு உங்களை யாராவது உட்கார வைத்தால், முன்னோர் செய்த பாவங்களிலிருந்து தேறும் பாடம் கொஞ்சம்தான். சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள். பதிலுக்குக் காத்தே ஆகவேண்டுமென்றால் கெடு வையுங்கள். ஒரே சேதி பத்து முறை வந்தால் ஒன்றாகச் சுருட்டுங்கள். சேதிக்குள் நிலைமையை எழுதாதீர்கள். அது படிக்கப்படும்போது பழையதாகியிருக்கும். பெயர் பதியும் அப்ளிகேஷனுக்கு அப்போதைய நிலவரத்தை அப்போதே கொடுத்துவிடுங்கள். பவர் செட்டிங்குகள் விஷயத்தில் விஸ்டா இதைத்தான் செய்தது. இல்லையென்றால் பதிவதற்கும் பார்ப்பதற்கும் நடுவில் நடந்த மாற்றம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

அப்ளிகேஷன் எழுதுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. உயிரை எடுக்கும் ஒன்பதாம் எண் சிக்னலைப் பிடிக்கவும் முடியாது, காதைப் பொத்தவும் முடியாது. அது வரும்போது சேமித்துக்கொள்ளலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், அடிக்கடி சேமியுங்கள்.