பட்டியல் மாமா

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வாசலைத் தாண்டியதும், புதுச்சேரிப் பக்கத்து ஒதியம்பட்டில் முதலில் கிளம்புகிறவர் பட்டியல் மாமா. வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நோட்டு வாங்குவார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பார். இடப்பக்கம் ஆண், வலப்பக்கம் பெண். ஸ்கேன் எடுக்கும் டாக்டர் என்ன குழந்தை என்று வாயைத் திறக்கக் கூடாதென்று 1994-இல் சட்டம் போட்டது பெண் சிசுக்களைக் காப்பாற்ற. அந்தச் சட்டத்தால் வேலை இரண்டு மடங்கானது மாமாவுக்குத்தான்.

மாமா ஒரே ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். தெருவுக்கு ஒருவர் உண்டு. ரோடியர் மில், மின்துறை, பள்ளிக்கூடம் என்று எங்கிருந்தாவது ஓய்வு பெற்றவராக இருப்பார். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய்மாமன் என்றால் உரிமை. பெரியப்பா என்றால் கடமை. எதிர்வீட்டுக்காரர் என்றால் சமூக சேவை.

அவருடைய சொந்தப் பெயரை மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தக்கவில்லை. அதனால் இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி, ‘குப்பு’ என்று தொடங்கும் பெயரை வைத்துவிட்டார்கள். குப்பையை எமன் சீந்தமாட்டான் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. கணக்கு பலித்தது, மாமா எழுபதை நெருங்குகிறார். வரிசையாகப் பெண் பிறந்த வீடுகளில் போதும்பொண்ணு என்று வைத்தார்கள். திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்தில் ‘வேண்டாம்’ என்றே பெயருள்ள பெண்கள் இருக்கிறார்கள். அப்போது பெயர் என்பது எமனுக்கும் சாமிக்கும் எழுதிய மனு. இன்றைக்கு அந்த மனு எதிர்வீட்டுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகிறது. குப்பு என்ற பெயரோடு கிட்டத்தட்ட எழுபது வருஷம் நடமாடியவர், அடுத்த தலைமுறைக்கு அழகான பெயராகப் பார்க்க நினைப்பதில் தப்பே இல்லை. அந்த அழகான பெயர் எதுவும் அவருக்குப் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

“அம்பாள் பேரா கோகிலான்னு வச்சிடலாமே, மாமா?” என்று முழுகாமல் இருந்த தங்கச்சி மகள் கேட்டாள். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் அம்மன் கோகிலாம்பிகை. சுற்றுவட்டாரத்தில் பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டிக்கொள்கிற சந்நிதி அது.

“நம்ம தெருவுலயே நாலு கோகிலா இருக்குதும்மா. ஒருத்திய கூப்பிட்டா நாலு பேரும் திரும்புவாளுங்க.”

“அப்ப கயல்விழி?”

“அந்தப் பேர்ல ஒரு அம்மா சீட்டு புடிச்சி ஏமாத்திட்டுப் போயிடுச்சி.”

இப்படித்தான். ஒவ்வொரு பெயருக்கும் மாமாவிடம் ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆள் ஒன்று கடன் வாங்கியிருப்பார், இல்லையென்றால் வரப்பை வெட்டியிருப்பார். பட்டியல் மாமா பெயர் தேடுகிறவர் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் அவர் பெயர் அடிக்கிறவர். நோட்டில் மை அதிகம் செலவாவதும் அடித்தலுக்குத்தான்.

வில்லியனூர் லூர்து மாதா கோயில் பக்கம் அவருக்கு நண்பர்கள் உண்டு. அங்கே லூர்துமேரி, லூர்துசாமி என்று மாதாவே பாதி வேலையை முடித்துவைத்துவிடுகிறாள். சுல்தான்பேட்டை முஸ்லிம் வீடுகளில் ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயரும் சூட்டிவிடுவது வழக்கம். மாமாவுக்கு அதில் வருத்தம். “ஏழு நாள்ல முடிச்சிட்டா அதுல இன்னா சொவை இருக்குது?”

ஆனால் மாமாவை லேசாக எடைபோட முடியாது. பெயரை மாற்றிக்கொண்டு வரலாற்றில் ஏறியவர்களின் மண் இது என்று அவர் ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும். 1891-இல் புதுச்சேரியில் பிறந்த கனகசுப்புரத்தினம்தான் பாரதிதாசன். 1915-இல் இதே வில்லியனூரில் பிறந்த அரங்கசாமிதான் வாணிதாசன். அதற்கும் முன்னால் பொன்னுத்தம்பிப் பிள்ளை இருக்கிறார். 1873-இல் ஐரோப்பியரைப் போலப் பூட்சு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரைக்கும் வழக்காடி ஜெயித்த வக்கீல். சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம், வருகிறவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1881 செப்டம்பர் 21-இல் ஆணை பிறந்தபோது, அவர் லபோர்த் ஆனார். அன்றைக்கு எத்தனையோ குடும்பங்கள் ஒரே கையெழுத்தில் புதுப் பெயர் எடுத்துக்கொண்டன. “ஒரு பரம்பரைக்கே பேர் வைக்க அவங்களுக்கு ஒரு கையெழுத்து போதும்னா, நமக்கு ஒரு புள்ளைக்கு ஒம்பது மாசம் போதலியே” என்று மாப்பிள்ளை முணுமுணுத்தது மாமா காதில் விழவில்லை. விழுந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை வீடு பாகூர். சம்பந்தியம்மாள் வளைகாப்புக்கு வந்தபோது ஜோசியர் எழுதிக் கொடுத்த தாளை மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து. அசுவினி என்றால் சு, சே, சோ, லா. ஆயில்யம் என்றால் டி, டு, டே, டோ. ட-வில் தொடங்கும் தமிழ்ச் சொல்லே கிடையாது என்பது இலக்கணம். ஆயில்யத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளை என்ன செய்வது என்று மாமா கேட்டார். “ஆயில்யத்துல பொறக்காம பாத்துக்குவோம்” என்றார் சம்பந்தியம்மாள், தேதியைத் தாமே குறித்துக் கொடுத்துவிட்டது போல.

எண் கணிதம் வந்தது அதற்குப் பிறகு. திருச்சி பண்டிட் சேதுராமனின் ‘அதிர்ஷ்ட விஞ்ஞானம்’ காலத்திலிருந்து தமிழ்நாட்டில் பெயருக்குள் கூட்டல் கணக்கு புகுந்துவிட்டது. ஜெயலலிதாவே 2001-இல் தம் பெயரின் ஆங்கில எழுத்துகளின் கடைசியில் இன்னொரு ‘ஏ’ சேர்த்துக்கொண்டார். மாமா இதை ‘அம்மாவே செஞ்சாங்க’ என்று ஒரே வரியில் நிறுவிவிடுவார். கணக்கு இதுதான்: ‘ஏ’, ‘ஐ’ இரண்டுக்கும் ஒன்று, ‘கே’-க்கு இரண்டு, ‘எல்’-லுக்கு மூன்று, ‘எச்’-சுக்கு ஐந்து, ‘ஓ’-வுக்கு ஏழு. ஒன்பதுக்கு எந்த எழுத்தும் கிடையாது. பெயரைத் தமிழில் எப்படி எழுதினாலும் கிரகங்கள் கண்டுகொள்வதில்லை. அவை ஆங்கிலம் மட்டுமே படிக்கும்.

அடிபட்ட கோகிலாவை எழுப்பி உட்காரவைத்து மாமா கூட்டிப் பார்த்தார். ‘கே ஓ கே ஐ எல் ஏ’: பதினாறு. ஒன்றும் ஆறும் ஏழு, சுமார்தான். கடைசியில் அம்மா வழியில் ஒரு ‘ஏ’ சேர்த்தால் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு. எட்டு என்றதும் சம்பந்தியம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். அந்த ‘ஏ’-யை எடுத்துவிட்டு ‘எச்’ போட்டால் இருபத்தொன்று, கூட்டினால் மூன்று. வியாழன்! மாமா முகத்தில் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தை அணைத்தது பாரிசிலிருந்து வந்த வீடியோ கால். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. அப்படி ஒரு சித்தப்பா அவர். “எச்சா? இங்க எவனும் எச்சை வாயால சொல்லமாட்டான். ஹரிணிய அரிணிம்பான். நீங்க போட்டாலும் ஒண்ணு, போடாட்டியும் ஒண்ணு” என்றார். காதில் விழாத எழுத்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு அதிர்ஷ்ட விஞ்ஞானத்தில் பதில் தேடி மாமா இரண்டு நாள் வெளியே வரவில்லை.

சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்காட்டியில் இருக்கிற பெயரோ பழைய வரலாற்று மாந்தர் பெயரோதான் வைக்க முடிந்தது. பெற்றோர் விருப்பம்போல் வைக்க 1993-இல்தான் வழி பிறந்தது. இப்போதும் பிறந்த ஐந்து நாளுக்குள் நகராட்சிக்குப் போய்ப் பிறப்பைச் சொல்ல வேண்டும், பெயரையும் சொல்ல வேண்டும். மாமா அதிர்ந்துபோனார். ஐந்து நாளில் அவர் ஒரு எழுத்தைக்கூட முடிவு செய்ததில்லை.

பெயர் வைக்க நாள் எடுத்துக்கொள்ளாத தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. கருணாநிதிக்கு மகன் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. உலகச் செய்தியே பெயரைக் கொடுத்துவிட்டது. பெரியார் தோழர்களின் குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் வைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். மாமா அரசியலுக்கு வராதது அந்தத் துறையின் நல்ல காலம்.

குழந்தை எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனையில் பிறந்தது. பெண். கையில் கட்டிய அட்டையில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டுத் தாயின் பெயர். சாதகம், கூட்டல், ஆட்சேபணை எதுவும் இல்லாமல், பத்து மாதம் சுமந்தவளின் பெயரோடு ஒரு பிள்ளைக்கு அடையாளம் கிடைப்பது அந்தச் சில நாள்தான். வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டுச் சிறுமி எட்டிப் பார்த்து “அம்மு” என்றாள். குழந்தை திரும்பியது போலிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் தெருவே அம்மு என்றது. மாமா மட்டும் ‘அ’ கிருத்திகைக்கு உரிய எழுத்து, இது மகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தொட்டில் போட்ட அன்று அத்தை குழந்தையின் காதில் மூன்று தடவை ஒரு பெயரைச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் சிரிக்கிறாள். மாமாவின் நோட்டில் மூன்றாவது பாகம் தொடங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பட்டியல் மாமா இருந்தால் பதற வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயர் இல்லாமலே பதியலாம். மருத்துவமனையில் பிறந்தால் தகவலை அவர்களே அனுப்புவார்கள். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குமேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆகவே கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போகிற அன்று மாமாவைத் திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். பெற்றோர் இருவர் மட்டும் போய், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.