மூன்று முள் மனிதர்

டெக்சஸிலும் கொலராடோவிலும் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களில் ஒரு வகையினர் உண்டு. வண்டி ஓட்டும்போது பாதிக் கண் சாலையில் இருக்கும். மீதிக் கண் இடப்பக்கக் கண்ணாடித் தூணில். அங்கே கறுப்புக் கூட்டுக்குள் மூன்று மீட்டர்கள்: டர்போ அழுத்தம், எக்ஸாஸ்ட் சூடு, கியர்பாக்ஸ் ஆயில் சூடு.

"கம்பெனி மீட்டர்தான் இருக்கிறதே?" என்று வாயைக் கொடுத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் போச்சு. கம்பெனி முள் மேல் அவருக்குத் துளி நம்பிக்கை கிடையாது. அதில் நியாயமும் இருக்கிறது. பல வண்டிகளில் இன்ஜின் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் செய்து வைத்திருக்கிறார்கள். வாங்கியவர் வீணாகக் கவலைப்படக் கூடாதாம். கவலைப்படும் உரிமையைப் பறிக்க இவர்கள் யார் என்பது அவர் கட்சி.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜினுக்கு முதலில் ஒரு சிப் மாட்டுவார். கூடுதல் டீசல், கூடுதல் இழுவை. கூடவே சூடும் ஏறும். எக்ஸாஸ்ட் 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி அங்கேயே நின்றால் அலுமினிய பிஸ்டன் பிழைப்பது கஷ்டம். ஆகவே மீட்டர். காய்ச்சலையும் காசு கொடுத்து வாங்கி, தெர்மாமீட்டரையும் காசு கொடுத்து வாங்குகிற ஆள்.

மாட்டுகிற நாளில் நண்பர்கள் வருவார்கள். ஸ்பானர் பிடிக்க அல்ல, அபிப்பிராயம் சொல்ல. டர்போவுக்கு முன்னால், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் ஓட்டை போட வேண்டும். இரும்புத் தூள் உள்ளே போய் டர்போ சக்கரத்தில் அடித்தால்? டர்போவைக் கழற்று என்கிறது ஒரு கோஷ்டி. இன்ஜினை ஓடவிட்டே ஓட்டை போடு, புகையே தூளை ஊதித் தள்ளிவிடும் என்கிறது இன்னொரு கோஷ்டி. அவர் டிரில் பிட்டில் கிரீஸை அப்பி, கொஞ்சம் துளைத்து, வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி அப்பி, கடைசியில் காந்தக் குச்சியை விட்டுத் துழாவுவார். காது குடைகிற சுகம் முகத்தில் தெரியும்.

கியர்பாக்ஸ் சென்சாரை அடிச்சட்டியில் மாட்டினால் முள் சாதுவாக இருக்கும். கன்வர்ட்டரிலிருந்து சூடான ஆயில் வரும் குழாயில் மாட்டினால் மேடு ஏறும்போது எகிறும். அவர் எதில் மாட்டுவார் என்று சொல்லவே வேண்டாம். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி, எர்த் கிடைக்காமல் முள் செத்துக் கிடக்க, காரணம் தேடி டேஷ்போர்டையே பிரித்துப் போடுவதும் உண்டு.

பிறகு டிரெய்லரோடு குடும்பப் பயணம். 11,158 அடி உயரத்தில் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி வண்டி ஏறும். "அந்தப் பனிமலையைப் பாருங்களேன்" என்பாள் மனைவி. "ஆயிரத்து இருநூற்று நாற்பது" என்பார்.

வீடு வந்தாலும் விடுதலை இல்லை. சூட்டோடு இன்ஜினை அணைத்தால் டர்போ பேரிங்கில் ஆயில் கருகும். எக்ஸாஸ்ட் முந்நூறுக்கு இறங்கும்வரை வாசலிலேயே வண்டி உறுமும். கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் உருகலாம். டர்போ கருகக் கூடாது.

பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க: தூணில் மூன்று மீட்டர் இருந்தால் வண்டியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டார் என்று அர்த்தம். அக்கறை தேவைப்படுகிற மாதிரி ஓட்டினார் என்றும் அர்த்தம். சிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.