இருபயன் விசைகளும் உப்பளபெடையும்: மணப்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பாயிரம்

விசைப்பலகையின் இடது ஓரத்தில் கேப்ஸ் லாக் என்றொரு விசை உண்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் எழுதுபவருக்கு அதனால் ஆகும் காரியம் ஒன்றுமில்லை. கை தவறிப் பட்டால் கடவுச்சொல் தவறும், அவ்வளவே. சும்மா இருந்த இதற்கு லினக்ஸ்காரர்கள் இரட்டை உத்தியோகம் கொடுத்துவிட்டார்கள்: தட்டிவிட்டால் எஸ்கேப், அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல். இதுபற்றி முறையான ஆய்வுரை எழாதது தமிழ்கூறு நல்லுலகின் பெருங்குறை. அக்குறை இதனால் நீங்குகிறது.

2. வகை

இருபயன் விசைகள் மூன்று: பிறப்பால், இடத்தால், காலத்தால்.

பிறப்பால் இருபயன் விசை, ஷிஃப்டோடு சேர்ந்தால் வேறு குறி தருவது. இதில் ஆராய ஒன்றுமில்லை.

3. இடத்தால்

1999-இல் வந்த தமிழ்99 பலகையில் ‘மணப்பாடு’ என்று எழுத ஏழு தட்டல் போதும்: ம, ண, ப, ப, ஆ, ட, உ. இரண்டாம் ‘ப’ விழுந்ததுமே முதல் ‘ப’வின் தலையில் புள்ளி தானாக ஏறும். ஏறக் கூடாத இடத்தில் ‘அ’ விசையைத் தட்டித் தடுக்க வேண்டும். தனியே தட்டினால் அது உயிரெழுத்து. மெய்க்குப் பின்னே தட்டினால் புள்ளிக்குக் காவல். ‘மமதை’ என்ற சொல்லுக்கு ம, அ, ம, த, ஐ என்று தட்ட வேண்டும். ‘அ’ விட்டுப்போனால் ‘ம்மதை’. ஆய்வறிஞர்கள் இச்சொல்லை அடிக்கடி எழுதிப் பழகுவது நல்லது. எழுதும்போதாவது மமதை அவர்களுக்குக் கொஞ்சம் சிரமம் தரட்டும்.

4. காலத்தால்

தட்டல் குறில், அழுத்தல் நெடில். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு; மாத்திரையாவது கண்ணிமைப்பும் கைந்நொடியும். லினக்ஸிலோ கைந்நொடியிலேயே கருத்து வேற்றுமை. எக்ஸ்கேப் என்னும் மென்பொருள் 500 மில்லிவிநாடி வரை குறில் என்கிறது. விசைப்பலகைக்குள்ளேயே குடியிருக்கும் கியூஎம்கே 200 தாண்டினால் நெடில் என்கிறது. கீடி என்பதன் எளிய வழி காலத்தையே கணக்கில் கொள்ளாது. இடையில் வேறு விசை சேர்ந்ததா என்று மட்டும் பார்க்கும். இதைச் சார்பெழுத்துக் கட்சி எனலாம். எனலாகாது என்பாரும் உளர். அவர்கள் இன்னும் கணினி வாங்கவில்லை.

5. மணப்பாட்டுச் சான்று

ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று எழுத்தாணிக்காரர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். விளைவு, ஒரே ஒற்றைக்கொம்பு எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உழைத்தது. குறிலா நெடிலா என்று இடம் பார்த்துத் தீர்மானிப்பது படிப்பவர் பொறுப்பு. கொம்பைச் சுழித்து நெடிலைத் தனியே பிரித்தவர் வீரமாமுனிவர் என்பர். பிற்காலத்தில் மணப்பாட்டில் இருந்தவர். அவர் அரும்பாடுபட்டுப் பிரித்த குறில் நெடிலை ஒரே விசையில் மறுபடி சேர்த்துவைக்கிறது லினக்ஸ். இந்த முரணை யாரும் கவனிக்காததற்குக் காரணம் உண்டு: அவர் காலமானது 1742-இல் மணப்பாட்டிலா, 1747-இல் அம்பழக்காட்டிலா என்ற வழக்கிலேயே பலருக்குப் பொழுது போய்விட்டது. பரமார்த்த குருவையும் ஐந்து சீடர்களையும் முனிவர் எங்கிருந்து பிடித்தார் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

6. உப்பளபெடை

இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. மணப்பாடு போன்ற கடற்கரை ஊரில் சன்னலைத் திறந்து வைத்திருந்தால் விசைகளின் அடியில் உப்பு படியும். தட்டிய விசை உடனே எழாது. எஸ்கேப் என்று தட்டிய குறில், மாத்திரை மிகுந்து கன்ட்ரோல் என்ற நெடிலாகும். இவ்வாறு உப்பால் அளபெடுப்பது உப்பளபெடை.

அது மூவகை. கொண்டலில் வருவது ஈர உப்பளபெடை; விசை மெல்ல எழும். வாடையில் வருவது மழை உப்பளபெடை. எழ மனமில்லாமல் எழும். கச்சானில் வருவது மணலுப்பளபெடை. தேரி மணலும் சேர்வதால் எழவே எழாது. கடைசி வகையே கொடிது. எஸ்கேப் தட்டிவிட்டதாக நம்பி அடுத்து ‘டபிள்யூ’ விசையைத் தொட்டால், பிரவுசரில் திறந்திருந்த பக்கம் சொல்லாமல் மூடிக்கொள்ளும்.

மேற்கோள் வேண்டுவோர் காண்க: உப்பளபெடைக் கோவை, நான்காம் தொகுதி, கரையான் தின்ற பகுதி, அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு. அதற்கு மறுப்பு: உப்பளபெடைக் கோவைக் கண்டனம். மறுப்புக்கு மறுப்பு: கண்டன கண்டனம், இரண்டாம் பதிப்பின் முன்னுரைக்கு எழுதிய பின்னுரை. மூன்றையும் நானே எழுதவிருக்கிறேன். ஆயினும் இப்போதே மேற்கோள் காட்டுவதில் தடையில்லை என்பது துறை வழக்கு.

7. வரலாறு

1976-இல் வந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் ‘ஏ’க்குப் பக்கத்தில் கன்ட்ரோல், ‘கியூ’வுக்குப் பக்கத்தில் எஸ்கேப். பில் ஜாய் ‘விஐ’ என்னும் உரைத்திருத்தியை எழுதியது அதில்தான். பிற்காலப் பலகைகள் இரண்டையும் மூலைக்குத் துரத்தின. ஆக, கேப்ஸ் லாக்குக்கு இரட்டை உத்தியோகம் தருவது புதுமை அன்று. பழைய குடிகளை ஊருக்குள் திரும்ப அழைப்பது.

8. முடிபு

கீடியின் அமைப்புக் கோப்பில் மெயின் என்ற தலைப்பின்கீழ் ‘கேப்ஸ்லாக் = ஓவர்லோடு (கன்ட்ரோல், எஸ்கேப்)’ என்று ஒரு வரி எழுதினால் காரியம் முடிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மற்ற ஏழு இயல்களும் தேவைப்பட்டிரா. ஆகவே மரபுப்படி கடைசியில் வைக்கப்பட்டது.