பூமத்திய ரேகைக்கு ஒரு குரங்குக் குல்லா

மகள் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆனதும், "மே மாசம் லீவு சொல்லிட்டேன், மூணு பேரும் வாங்கப்பா" என்று டிக்கெட்டையே போட்டு அனுப்பிவிட்டாள். மூன்று பேர் என்பது நான், என் மனைவி, எண்பத்தொரு வயதான என் அம்மா. "எதையும் தூக்கிட்டு வராதீங்க, இங்க எல்லாமே கிடைக்கும்" என்றும் சொன்னாள். சொல்லி முடித்த பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது: சாம்பார் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, குருமாப் பொடி, மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல், ஆவக்காய். எல்லாமே கிடைக்கிற ஊரில் அம்மாவின் கைப்பக்குவம் மட்டும் கிடைப்பதில்லையாம்.

நான் முறையாகப் பயணம் செய்கிறவன். அதாவது, பயணம் குறைவு, முறை அதிகம். வெப்பமண்டல நாட்டுக்குப் போகிறவர்கள் என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று இணையத்தில் தேடினேன். அகல விளிம்பு வைத்த தொப்பி, சன்ஸ்கிரீன், மெல்லிய பருத்திச் சட்டைகள், கொசு விரட்டி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை. கூடவே ஓர் எச்சரிக்கை: வெப்பம் 32 டிகிரி வரை போகக்கூடும், உடம்பை மெதுமெதுவாகப் பழக்கிக்கொள்ளவும்.

இதை நான் படித்துக்கொண்டிருந்தது சென்னையில், அக்னி நட்சத்திரம் பிறந்து இரண்டாவது வாரத்தில். வெளியே 41 டிகிரி. உள்ளே கரண்ட் இல்லை. பட்டியலை எழுதிய புண்ணியவான் நார்வேக்காரராக இருக்க வேண்டும். கடக ரேகை குஜராத்தில் நுழைந்து மிசோரம் வழியாக வெளியே போகிறது. அதற்குக் கீழே பிறந்த நாமெல்லாம் பிறவி வெப்பமண்டலவாசிகள். ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு பனையோலை விசிறி என்று எந்தப் பட்டியலும் இல்லாமல் ஐம்பத்தெட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பமே 37 டிகிரிதான். சென்னை 2003 மே 31 அன்று 45-ஐத் தொட்ட ஊர். நியாயமாகப் பார்த்தால் நாங்கள் வெயிலுக்கு ஒதுங்கத்தான் பூமத்திய ரேகைப் பக்கம் போகிறோம்.

இருந்தாலும் தொப்பி வாங்கினேன். பட்டியலில் இருந்ததே.

ஆளுக்கு 25 கிலோ பெட்டியில், 7 கிலோ கையில். இதுதான் விமானக் கம்பெனி கொடுத்த வரம். வீட்டில் பெட்டியை எடை போட ஒரே வழி, குளியலறைத் தராசில் முதலில் நான் மட்டும் ஏறுவது, பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது, இரண்டையும் கழிப்பது. நான் மட்டும்: 82.4. பெட்டியோடு: 110.1. நான் மூச்சுப் பிடித்து நின்றுகொண்டிருக்க, மனைவி குனிந்து எண்ணைப் பார்த்தாள். பெட்டியைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"போன மாசம் டாக்டர்கிட்ட 79-ன்னு சொன்னீங்க?"

பெட்டி 27.7 கிலோ என்பது அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. ஒருவழியாக அந்த விசாரணை முடிந்து, எதை எடுப்பது என்ற பேச்சு வந்தது. பொடிகளில் கை வைக்க முடியாது, அது மகளுக்கு. அப்பளம் எடையே இல்லை, அது காற்று. ஆகவே என்னுடைய இரண்டு பேன்ட், ஒரு ஜோடி ஷூ, குடை ஆகியவை வெளியே வந்தன. மே மாசத்தில் குடை எதற்கு என்று நானும் ஒத்துக்கொண்டேன். இந்தக் குடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இதையெல்லாம் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாமான்கள் ஒரு மஞ்சப்பையில் முடிந்துவிட்டன. நாலு நூல் புடவை, ரப்பர் செருப்பு, விபூதிச் சம்படம், அமிர்தாஞ்சன், ஒரு கம்பளிக் குரங்குக் குல்லா. குல்லா என் அப்பா காசிக்குப் போனபோது வாங்கியது. காதை மூடி, கழுத்தை மூடி, கண்ணையும் மூக்கையும் மட்டும் உலகத்துக்கு விடுகிற பழுப்பு நிறக் குல்லா.

"அம்மா, சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து 137 கிலோமீட்டர்தான்."

"அங்கிருந்தே வரட்டும், எனக்குக் காதுல காத்துப் படக்கூடாது."

நானும் மனைவியும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு, சிங்கப்பூருக்குள் என்னென்ன கொண்டுபோகக் கூடாது என்று படித்தேன். படுக்கப்போகும் நேரத்தில் படிக்கிற சமாசாரம் இல்லை அது. சூயிங்கம் 1992-லிருந்து கூடாது. சரி, நாங்கள் மெல்லுவதில்லை. அடுத்து, கசகசா.

கசகசா என்பது அபின் செடியின் விதை. மார்பின் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் அங்கே அது தடைசெய்யப்பட்ட சரக்கு. போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்கு வரைக்கும் போகிற ஊர். குருமாவுக்காக யாரையும் தூக்கில் போட மாட்டார்கள் என்று பகலில் எனக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியவில்லை.

"குருமாப் பொடியில கசகசா போட்டியா?"

மனைவி என்னைப் பார்த்த பார்வையில், முப்பது வருடம் கசகசா இல்லாத குருமாவையா உனக்குப் போட்டேன் என்ற கேள்வி இருந்தது. பிறகு, "கொஞ்சந்தாங்க, ரெண்டு ஸ்பூன்" என்றாள்.

மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் முதலில் "கொஞ்சந்தான்" என்றுதான் சொல்வார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். பெட்டியைத் திறந்தோம். எல்லாப் பொடியும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில். எதிலும் சீட்டு ஒட்டவில்லை. சாம்பார் பொடி எது, குருமாப் பொடி எது, பருப்புப் பொடி எது என்று பாட்டில்களைத் தரையில் வரிசையாக அடுக்கினோம். அம்மாதான் தடயவியல் நிபுணர். ஒவ்வொன்றையும் மோந்து, துளி நாக்கில் வைத்து, "இதுல இல்ல", "இதுல இல்ல", "இதுல இருக்கு, ஆனா வறுக்கவே தெரியல" என்று தீர்ப்புச் சொன்னாள். கடைசித் தீர்ப்பின் பிற்பகுதியால் வீட்டில் வேறு வழக்கு ஒன்று தொடங்கி, விமானம் ஏறும் வரை நடந்தது.

"எத்தனை கல்யாணத்துல குருமாவுல போட்டிருப்பேன், எவன்டா ஆடினான்?" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். இருந்தாலும் சந்தேகத்துக்கிடமான இரண்டு பாட்டில்கள் வெளியே வந்தன. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மிச்சம். என் ஷூ திரும்ப உள்ளே போகும் என்று நினைத்தேன். அந்த இடத்தில் மனைவி முறுக்கு வைத்தாள்.

மீனம்பாக்கத்தில் என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டது அதுவே முதல் தடவை. பவர் பேங்க்கைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியின் அடியில், புடவைகளுக்கு நடுவில் பொதிந்து வைத்திருந்தேன். அது கையில்தான் இருக்க வேண்டுமாம். லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால், ஆட்கள் இருக்கிற இடத்தில் அணைத்துவிடலாம், சரக்கு அறையில் முடியாது. பெட்டியை மறுபடி திறந்து, நாலு பேர் பார்க்க முறுக்கையும் உள்பாடியையும் ஒதுக்கி அதை எடுத்தேன். ஆவக்காய் பாட்டிலையோ உடையக்கூடாது என்று கைப்பையில் வைத்திருந்தேன். அது பெட்டியில்தான் இருக்க வேண்டுமாம். எண்ணெய் மிதக்கிற எதுவும் கையில் 100 மில்லிக்கு மேல் கூடாது. இரண்டே பொருள், இரண்டையும் துல்லியமாக இடம் மாற்றி வைத்திருந்தேன். சோதனை மேடையில் நின்ற வடநாட்டுப் பையன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "ஆச்சார்?" என்றான். குரலில் துக்கம் இருந்தது. அவனும் ஓர் அம்மா பெற்ற பிள்ளைதான். ஆனாலும் தொட்டியில்தான் போட்டான்.

அம்மாவின் மஞ்சப்பை தடங்கலே இல்லாமல் அந்தப் பக்கம் போய் அவளுக்காகக் காத்திருந்தது.

மகள் இருப்பது அரசாங்க அடுக்குமாடியின் பதினொன்றாம் மாடி. அந்த ஊர்த் தமிழில் வீவக வீடு. போய் இறங்கியதும் செல்போனுக்குச் சார்ஜ் போடப் போனால், சுவரில் இருந்த துளைகள் மூன்றும் நீள்சதுரம். நம் பிளக்கின் கால்களோ உருண்டை. 230 வோல்ட் அங்கேயும் அதேதான், துளைதான் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன வடிவம். அடாப்டர் என்கிற உள்ளங்கை அகலச் சாமான் எங்கள் 75 கிலோவில் இல்லை. மகளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதற்கு வரிசையில் நின்றோம்.

கொசுவர்த்தியும் ஓடோமாசும் பிரிக்கப்படவே இல்லை. வீட்டில் கொசுப்புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடுகிற ஊர். போதாததற்கு 2016 முதல் அரசாங்கமே கொசு வளர்த்து விடுகிறது என்றாள் மகள். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஆண் கொசுக்கள். அவை கடிக்காது. அவற்றோடு சேர்கிற பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. அம்மா இதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "கடிக்கவும் கடிக்காது, குடும்பமும் விளங்காது. அப்புறம் ஆம்பளக் கொசு வீட்டுக்குள்ள வந்து என்ன பண்ணும், பேப்பர் படிக்குமா?" என்றாள். அப்போது என் கையில் பேப்பர் இருந்தது.

குடைக்கு வருகிறேன். முதல் நாள் மதியம் மூன்று மணி. பளீரென்று இருந்த வானம், யாரோ தார்ப்பாயை இழுத்து மூடின மாதிரி கறுத்தது. இடி, அதன் பின்னாலேயே மழை. வருடத்தில் 170 நாள் போல மழை பெய்கிற ஊர் அது. மே என்றால் வெயில் என்பது நம் ஊர்ப் பஞ்சாங்கம். கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரையோடு நடைபாதை விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822-லேயே உத்தரவு போட்டிருக்கிறார். அங்குள்ள தமிழர்கள் அதை ஐந்தடி என்றே சொல்கிறார்கள். ஐந்தடிக்குப் போய்ச் சேர இருந்த பத்தடியில் நான் நனைந்துவிட்டேன். மிச்சமிருந்த ஒரே ஜீன்ஸ். அது காய மூன்று நாள் எடுத்துக்கொண்டது. காற்றிலேயே அவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அது ஜீன்ஸில் இருப்பதை எங்கே போய் வாங்கிக்கொள்ளும்? அந்த மூன்று நாளும் என்னைக் காப்பாற்றியது, பூஜைக்கென்று மனைவி பெட்டியில் போட்டிருந்த நாலு முழ வேட்டி. ராத்திரி அலசி ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மாட்டினால் காலையில் காகிதம். நார்வேக்காரர் பட்டியலில் வேட்டி இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இனி குளிர். வெளியே 31 டிகிரி. பெருவிரைவு ரயிலுக்குள் கால் வைத்ததும் கொடைக்கானல். கடைத்தொகுதியில் ஊட்டி. சினிமாத் தியேட்டரில் எந்த மலை என்று சொல்லத் தெரியவில்லை, நான் அவ்வளவு உயரம் போனதில்லை. லீ குவான் இயூ பிரதமரானதும் முதல் காரியங்களில் ஒன்றாக அரசு அலுவலகங்களில் ஏசி மாட்டினாராம். அந்த நாடு முன்னுக்கு வந்ததற்கு ஏசி முக்கியக் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆரம்பித்தவர் நல்ல நோக்கத்தில்தான் ஆரம்பித்திருக்கிறார், குறைக்கிற பொத்தான் எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது. கரையோரப் பூந்தோட்டத்தில் ஒரு பெரிய கண்ணாடிக் கூடம் இருக்கிறது. உள்ளே செயற்கை மலை, அதிலிருந்து கொட்டும் அருவி, மலை முழுக்கச் செடிகள். எல்லாம் வெப்பமண்டல உயர்மலைச் செடிகள். வெப்பமண்டல நாட்டில், வெப்பமண்டலச் செடிகளுக்கு, ஏசி போட்டு வைத்திருக்கிறார்கள்.

அருவிச் சாரலில் மனைவி முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள். நான் வேட்டியை அவிழ்த்துப் போர்த்திக்கொள்ள முடியாத நிலையில் நின்றேன். அம்மா மஞ்சப்பையிலிருந்து குல்லாவை எடுத்து நிதானமாக மாட்டி, கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பூக்களைப் பார்க்கப் போனாள். பின்னால் வந்த ஒரு சீனத்துப் பாட்டி அந்தக் குல்லாவை ஏக்கத்தோடு பார்த்தார்.

நாலாம் நாள் தியேட்டரில், இடைவேளைக்குப் பிறகு, "அம்மா, அதைக் கொஞ்சம் குடேன்" என்று கேட்டேன். இருட்டுதானே. கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாக்கள் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது நிறையச் சொல்கிறார்கள்.

அமிர்தாஞ்சன் விஷயம் மட்டும் பாக்கி. கோடாலித் தைலம் பிறந்து, டைகர் பாம் வளர்ந்த ஊருக்கு அதைக் கொண்டுபோனது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதைதான் என்று நினைத்திருந்தேன். மகளின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மோப்பத்தில் மயங்கி பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பதிலுக்கு அம்மாவுக்கு ஆறு கோடாலித் தைலம் கொடுத்தார். அங்குள்ள தேக்கா பகுதிக் கடையில் நாங்கள் வாங்கிய இரண்டு டஜனோடு அதுவும் சேர்ந்தது. எங்கள் தெருவில் இப்போது ஒருவருக்கும் தலைவலி கிடையாது.

திரும்பும்போது பெட்டி 24.6. குல்லா வரவில்லை. "ஆபீஸ்ல போட்டுக்கறேன் பாட்டி" என்று மகள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

தொப்பி மட்டும் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. நார்வே பக்கமிருந்து யாராவது மே மாசம் சென்னைக்கு வருவதாக இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.